சோத்தைக் கொறைக்கிறதுக்கு முன்னாடி வெஞ்சனத்தைக் கூட்டுங்க: ஒரே அடுப்புல மூணு பேரு சீக்குக்குச் சமைச்ச அனுபவம்

எங்க தேனி மாவட்டம் கம்பம் பக்கம் மத்தியானச் சாப்பாடுன்னா தட்டு நெறையா சோறு, நடுவுல குழி பண்ணி அதுல கொழம்பு, ஓரத்துல ஒரு கரண்டி வெஞ்சனம் (தொட்டுக்கிற காய், பயறு மாதிரி), அம்புட்டுதான். ஏலத்தோட்டத்துக்குப் போற பொம்பளைங்க தூக்குச்சட்டியத் தொறந்து பாத்தா இன்னும் மோசம், அடியிலேர்ந்து மேல வரைக்கும் சோறு, மூடியில ரவையோண்டு ஊறுகா இல்லன்னா ஒரு துண்டு கருவாடு. கருக்கல்லயே ஜீப்பு ஏறி கம்பம்மெட்டுத் தாண்டி கேரளா மலைக்குப் போயி, மழையிலயும் அட்டைக்கடியிலயும் நாள் பூரா குனிஞ்சு காய் பறிச்சுட்டு வாரவங்களுக்கு இந்தச் சாப்பாடு பத்தாது. வயிறு நெறையும், ஒடம்புக்குத் தேவையானது பாதி கூட அதுல இருக்காது. இத நான் எங்க வீட்டுல மூணு பேருக்கும் வந்த சீக்கு வழியாத்தான் தெரிஞ்சுகிட்டேன், அதான் எழுதுறேன், யாருக்காச்சும் ஒதவும்.

எங்க வீட்டுல நாலு பேரு. மாமியா ரொம்ப வருசமா தோட்ட வேலைக்குப் போறவங்க, வீட்டுக்காரரு அதே தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போற ஜீப்பு ஓட்டுறாரு, நான் சீசன்ல மட்டும் காய் எடுக்கப் போவேன், பையன் பன்னெண்டாவது படிக்கிறான். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கு வந்து பாக்குறாங்கல்ல, அப்பதான் மாமியாவுக்கு சுகர் இருக்குன்னு தெரிஞ்சுச்சு, வீட்டுக்காரருக்கு பிரஷர். எனக்கு ஏணிப்படி ஏறுனாலே மூச்சு வாங்குதுன்னு ஆரம்ப சுகாதார நிலையத்துல ரத்தம் பாத்தா ஹீமோகுளோபின் 8.6, பொம்பளைங்களுக்கு 12க்கு மேல இருக்கணுமாம். ஒருத்தருக்குச் சக்கரை, ஒருத்தருக்கு உப்பு, ஒருத்திக்கு இரும்புச்சத்து. மூணு பேருக்கும் தனித்தனியா ஒலை வைக்க விறகும் இல்ல, கேஸும் இல்ல, நேரமும் இல்ல.

அக்கம்பக்கத்துல ஆளாளுக்கு ஒன்னு சொன்னாங்க. சோத்தைக் கையில தொடாதன்னு ஒருத்தவங்க, ராத்திரி சப்பாத்தி மட்டும் குடுன்னு ஒருத்தவங்க, ஓட்ஸ் வாங்கிக் காய்ச்சுன்னு இன்னொருத்தவங்க. மாமியா பாவம், கொஞ்ச நாளு சப்பாத்தி நாலு அஞ்சு தின்னுட்டு, தொட்டுக்க உருளைக்கெழங்கு மசாலா. சுகர் கொறையவே இல்ல. எப்படிக் கொறையும், கோதுமையும் மாவுச்சத்துதான், அரிசியும் மாவுச்சத்துதான், உருளைக்கெழங்கும் மாவுச்சத்துதான். அரிசிய எடுத்துட்டு அந்த எடத்துல கோதுமைய வச்சா தட்டுக்குள்ள ஒன்னும் மாறலயே.

தங்கச்சி மக கோட்டயத்துல நர்சிங் படிக்குது. லீவுக்கு வந்தப்ப எங்க தட்டப் பாத்துட்டு, "பெரியம்மா, நீங்க சோத்த நிறுத்த வேணாம், மொதல்ல இத எழுதிக்கோங்க"ன்னு ஒரு கணக்குக் குடுத்துச்சு. ஹைதராபாத்துல இருக்குற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல போட்ட கணக்கு அது. அந்த நிறுவனமே மொதல்ல நம்ம குன்னூர்லதான் 1918ல ஒரு சின்ன ஆராய்ச்சிக் கூடமா ஆரம்பிச்சிருக்காங்க, ரொம்பத் தீட்டுன வெள்ளை அரிசியவே தின்னுகிட்டிருந்த ஆளுகளுக்கு வந்த பெரிபெரி நோய ஆராயறதுக்காக. அத ஆரம்பிச்சவரு மெக்காரிசன்ங்குற டாக்டர். அப்ப நம்ம சோத்துப் பிரச்சனை நூறு வருசத்துப் பழசு.

கணக்கு என்னன்னா, ஒரு நாளைக்கு 2000 கலோரி தேவைப்படுற பெரியவங்க ஒருத்தருக்கு, சமைக்காம அளந்தா, அரிசி கோதுமை கேப்பை கம்பு எல்லாம் சேத்து 250 கிராம், காய்கறி கீரை 400 கிராம், பருப்பு பயறு 85 கிராம் (கறி மீன் முட்டை திங்கிறவங்க இதுல ஒரு பகுதிக்குப் பதிலா அதத் திங்கலாம்), பால் தயிர் 300 மில்லி, பழம் 100 கிராம், கடலை எள்ளு மாதிரி 35 கிராம், எண்ணெய் 27 கிராம். கடுமையா ஒழைக்கிறவங்களுக்கு இதவிடக் கூட வேணும், ஆனா கூட்டும்போது எல்லாத்தையும் சேத்துக் கூட்டணும், சோத்த மட்டும் கூட்டக்கூடாது.

நான் இத அப்படியே எங்க மாசச் சாமான் கணக்கோட வச்சுப் பாத்தேன். ரேஷன்ல அரிசி 20 கிலோ சும்மா கெடைக்குது, அது போக கடையில 26 கிலோ சிப்பம் ஒன்னு, இட்லி அரிசி தனி. நாலு பேருக்கு மாசம் 30 கிலோ தானியம் வர வேண்டிய எடத்துல நாங்க அம்பது கிலோ கிட்டத் தின்னுருக்கோம். பருப்பு? அதே கணக்குப்படி நாலு பேருக்கு மாசம் 10 கிலோ வரணும். ரேஷன்ல 30 ரூபாய்க்குக் கெடைக்கிற 1 கிலோ துவரம்பருப்பு, கடையில ஒரு கிலோ, அவ்வளவுதான் எங்க வீட்டுப் பருப்பு. காய்கறிய விடுங்க, நாளைக்கு ஒன்னரைக் கிலோவுக்கு மேல வேணும், நான் அரைக்கிலோ வாங்குனாலே பெருசு. பணம் இல்லாத வீட்டுல எது சும்மா கெடைக்குதோ அதுதான் தட்டுல குமியும், இதுல யாரையும் கொற சொல்ல முடியாது. ஆனா அந்தக் கடைச் சிப்பத்துக்குப் போற காசு இருக்குல்ல, அதத்தான் நான் பயறுக்கும் காய்க்கும் திருப்புனேன். புதுசா ஒரு ரூபாய் கூடச் செலவு பண்ணலன்னு சொல்ல மாட்டேன், கொஞ்சம் கூடத்தான் ஆச்சு, ஆனா தாங்குற அளவுதான்.

காய்கறியில எனக்குக் கைகுடுத்தது மலைக்கு அந்தப் பக்கத்து ஆளுங்கதான். நம்ம ஊருல பொரியல்னா எண்ணெய் தாராளமா ஊத்தி, சுருள வதக்கி, ஒரு கிலோ முட்டைகோசு ஒரு கை அளவுக்கு வத்திப் போயிரும். தோட்டத்துல கூட வேலை செய்யிற மலையாளத்துச் சேச்சி ஒருத்தவங்க தோரன் கொண்டு வருவாங்க, அதப் பாத்து நான் கத்துகிட்டேன். முட்டைகோசோ பீன்ஸோ பீட்ரூட்டோ பொடுசா நறுக்கி, தேங்கா, சீரகம், பச்சமொளகா, ஒரு பல்லு பூண்டு, மஞ்சத்தூள் எல்லாம் ஒன்னுரெண்டாத் தட்டி, காயோட கையால நல்லா பெசஞ்சு, ஒரு கரண்டி எண்ணெயில கடுகு கருவேப்பிலை தாளிச்சு அதுல போட்டு மூடிர வேண்டியது. காய் விடுற தண்ணியிலயே வெந்துரும், எறக்கும்போது பச்சை மாறாம இருக்கும். காரம் கம்மியா இருக்குறதுனால ஒரு கரண்டிக்குப் பதிலா தட்டுல பாதி வச்சும் திங்க முடியுது, பையனே திங்கிறான். சின்னமனூரு, தேவாரம், கம்பத்துல வெளையிற காயெல்லாம் லாரி லாரியா குமுளி வழியா கேரளாவுக்குப் போகுது, வெளைவிக்கிற நம்ம வீட்டுத் தட்டுல மட்டும் அது இல்லங்குறது எனக்கு மனசு கேக்கல. சாயங்காலம் கடை கட்டுற நேரத்துக்குப் போனா கீரைக்கட்டு பாதி வெலைக்குக் குடுப்பாங்க, முருங்கைக்கீரை பக்கத்து வீட்டு மரத்துல சும்மாவே ஒடிச்சுக்கலாம்.

பயறுக்கும் அதே மாதிரிதான். தோட்டத்துல மலையாளத்து ஆளுங்க கஞ்சியும் பாசிப்பயறும் சாப்பிடுவாங்க, காலையில புட்டுக்குக் கொண்டக்கடலை. அரிசியில கொறையிற புரதத்தப் பயறு நெரப்புது, பயறுல கொறையிறத அரிசி நெரப்புது, அதனால ரெண்டையும் சேத்துத் திங்கறது ரொம்ப நல்ல வழி. இப்ப எங்க வீட்டுல ராத்திரியே ஏதாச்சும் ஒரு பயற ஊறப் போட்டுருவேன், தட்டாம்பயறு, மொச்சை, பாசிப்பயறு, கொண்டக்கடலைன்னு மாத்தி மாத்தி. கொழம்புல பயறு நீந்தக்கூடாது, கரண்டி விட்டா பயறுதான் வரணும். ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு, ஒடம்பு எடையில கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேணும்னு கணக்கு, அதாவது 60 கிலோ இருக்குறவங்களுக்கு 50 கிராம். ஒரு முட்டையில 6 கிராம்தான் இருக்கு, அதனால வாரம் ஒரு நாள் கறி எடுத்துட்டா போதும்னு நெனைக்கிறது தப்பு, தெனமும் வேளைக்கு வேளை கொஞ்சம் கொஞ்சமா வரணும். மத்தி மீன் வெல கொறையிற நேரத்துல நான் தாராளமா வாங்குவேன், புரதமும் இருக்கு, இதயத்துக்கு நல்ல கொழுப்பும் இருக்கு, பொரிக்காம குடம்புளி போட்டுக் கொழம்பு வைப்பேன். ஜூன் ஜூலையில கேரளாவுல 52 நாளு விசைப்படகுத் தடை, அப்ப மீனு வெல ஏறிரும், முட்டையில ஓட்டிக்கலாம்.

இப்ப முக்கியமான ஒன்னு சொல்றேன், சுகர் மாத்திரை போடுறவங்க வீட்டுல இருந்தா கவனமாப் படிங்க. ஒரு நாள் மாமியா கருக்கல்ல மாத்திரையப் போட்டுட்டு, ஜீப்பு வந்துருச்சுன்னு ஒரு டம்ளர் சீனி போடாத கடுங்காப்பியோட கெளம்பிட்டாங்க. மேட்டு வளைவுல போகும்போது அந்தக் குளிர்லயும் நெத்தியெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, பேசுறதுக்குப் பதில் சொல்லாம ஒரு மாதிரி முழிச்சிருக்காங்க. கூட இருந்த ஒரு அக்கா வெவரமானவங்க, "ஏத்தா, சுகர் எறங்கிருச்சு போல"ன்னு சொல்லி, ஜீப்ப நிப்பாட்டி, டீக்கடையில சீனிய வாங்கித் தண்ணியில கரைச்சுக் குடுக்கவும் கொஞ்ச நேரத்துல தெளிஞ்சுட்டாங்க. சில சுகர் மாத்திரையப் போட்டுட்டு சாப்பிடாம இருந்தா சுகர் ரொம்பக் கீழ எறங்கிரும், அந்த நேரத்துக்கு அது ஏறுறத விட ஒடனடி ஆபத்து. அந்த நேரத்துல ஆள் நெனவா இருந்தா 15 கிராம் சீனி, அதாவது மூணு டீஸ்பூன், தண்ணியில கலந்து குடுக்கணும், கால் மணி நேரத்துல சரியாகலன்னா திரும்பவும் குடுக்கணும், நெனவு இல்லன்னா வாயில ஒன்னும் ஊத்தாம ஆஸ்பத்திரிக்குத் தூக்கிரணும். இப்ப மாமியா முந்தானையில குளுக்கோஸ் பொட்டலம் இல்லாம ஜீப்பு ஏற மாட்டாங்க, காலையில நேரமில்லன்னாலும் ரெண்டு இட்லியும் அவிச்ச முட்டையும் கையில குடுத்து விட்டுருவேன், மாத்திரைய எப்பப் போடணும்னு டாக்டர்கிட்டக் கேட்டு அதையும் மாத்தியாச்சு. சோத்த நிறுத்து சோத்த நிறுத்துன்னு பயமுறுத்துறவங்க இந்த ஆபத்தச் சொல்றதே இல்ல, எனக்கு அதுலதான் கோவம்.

மாமியாவோட தட்டு இப்ப எப்படின்னா, பாதித் தட்டு காய் கீரை, கால் தட்டு பயறோ மீனோ முட்டையோ, மிச்சம் காலுல சோறு. மொதல்ல காயையும் பயறயும் தின்னுட்டு அப்பறம் சோத்துல கை வைக்கிறாங்க, அதுக்குள்ள வயிறு பாதி நெறஞ்சுருது. மொதல்ல "இது என்னத்தா, ஆட்டுக்குக் கொழை போடுற மாதிரி"ன்னு முனங்குனாங்க. நான் சோத்தப் பிடுங்கல, கேட்டா இன்னும் கொஞ்சம் வைப்பேன், காயி தீந்தப்பறம் வைப்பேன். பையப் பைய அவங்களே போதும்னுட்டாங்க. நம்ம நாட்டுல 10 கோடிப் பேருக்கு மேல சுகர் இருக்குன்னு 2023ல பெரிய ஆய்வு ஒன்னு வந்துச்சு, அதுல கேரளாவுல நாலு பேருல ஒருத்தருக்கு. தோட்டத்துல ஒழைக்கிறவங்களுக்கு வராதுன்னு இங்க நெறையப் பேரு இன்னும் நம்பிகிட்டு இருக்காங்க.

என்னோட ரத்தக்கொறைவுக்கு வருவோம். தமிழ்நாட்டுல பொம்பளைங்கள்ல பாதிக்கு மேல ரத்தம் கம்மிதான், 2019-21 கணக்குல 53 சதவீதம். ஆம்பளைக்கு ஒரு நாளைக்கு 19 மில்லிகிராம் இரும்பு வேணும்னா நமக்கு 29. சாப்பாடு கம்மியாத் திங்கிறவளுக்குத் தேவ கூட. நான் கீரை திங்கத்தான் செஞ்சேன், ஆனா தோட்டத்துல சோறு தின்னு கைய கழுவுன ஒடனே ஒரு டம்ளர் கட்டன் சாயா, குளிருக்கு அது இல்லாம முடியாது. டீயில இருக்குற துவர்ப்புச் சத்து கீரையிலயும் பயறுலயும் இருக்குற இரும்ப ஒடம்புல சேர விடாதாம். இப்ப டீ குடிக்கிறத விடல, சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவுல ஒரு மணி நேரம் விடுறேன், சோத்தோட ஒரு நெல்லிக்காயோ, கீரையில அரை எலுமிச்சம்பழமோ புழிஞ்சுக்கறேன், அதுல இருக்குற வைட்டமின் சி இரும்ப இழுத்துக் குடுக்கும். சத்து மாத்திரையும் சேத்துப் போட்டேன், இவ்வளவு கொறஞ்சுட்டா சாப்பாடு மட்டும் போதாது. இன்னொன்னு, தோட்டத்துல செருப்பில்லாம ஈரமண்ணுல நடந்தா கொக்கிப்புழு கால் வழியா ஏறிரும், அது கொடல்ல ஒக்காந்து ரத்தத்தக் குடிக்கும், நீங்க என்ன தின்னாலும் பத்தாது. பூச்சி மாத்திரை சுகாதார நிலையத்துல குடுக்குறாங்க, கேட்டு வாங்கிக்கோங்க. கடைசியாப் பாத்தப்ப எனக்கு 11க்கு மேல வந்துருச்சு.

ரேஷன் அரிசியில வெள்ளையா கொஞ்சம் வித்தியாசமா சில மணி கெடக்கும், பாத்துருப்பீங்க. எங்க தெருவுல அத பிளாஸ்டிக் அரிசின்னு சொளகுல போட்டுப் பொறுக்கித் தூரப் போடுவாங்க. அது பிளாஸ்டிக் இல்ல, அரிசி மாவோட இரும்புச்சத்து, போலிக் ஆசிட், பி12 சேத்து அரிசி மாதிரியே செஞ்சது, நூறுக்கு ஒன்னுன்னு கலந்தது. ரத்தம் கம்மியா இருக்குற வீட்டுல அதப் பொறுக்கி எறியிறது எம்புட்டுப் பெரிய நட்டம்னு நெனச்சுப் பாருங்க.

வீட்டுக்காரரு பிரஷருக்கு உப்பு. ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேத்து 5 கிராம், ஒரு டீஸ்பூனுக்குள்ள. அளந்து போட யாருக்கு நேரம், அதனால நான் பாக்கெட்டுல கணக்கு வச்சேன், நாலு பேரு வீட்டுல ஒரு கிலோ உப்பு மாசக்கடைசியிலயும் பாதிகிட்ட மிச்சம் இருக்கணும். எண்ணெயும் அப்படியே, தலைக்கு மாசம் ஒரு லிட்டருக்குள்ள. பாமாயில் மட்டுமே ஊத்தாம நல்லெண்ணெய், கடலெண்ணெய்னு மாத்தி மாத்தி ஊத்துறேன். ஆனா உப்பு கொழம்புல மட்டும் இல்ல, ஊறுகா, அப்பளம், மோர்மொளகா, கருவாடு, கடையில வாங்குற மிச்சர்லயும் நெறைய இருக்கு. காயி நெறைய இருந்தா ஊறுகா தேடாது. அவருக்கு இன்னொரு பிரச்சனை, ஜீப்ப நிறுத்துற எடத்துலயெல்லாம் பொரோட்டாக் கடை. "வெளிய எறங்குனா பசிக்குதுல்ல"ம்பாரு. சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்ல, இப்ப ஜீப்புக்குள்ளயே வேகவச்ச கடலை ஒரு டப்பாவும் ரெண்டு கொய்யாவும் வச்சு விடுறேன். பசி வார நேரத்துக்குக் கையில ஏதாச்சும் இருந்தா ஆளு கடையில எறங்க மாட்டாரு. வாரத்துக்கு ஒரு வாட்டி திங்கட்டும், அதுல ஒன்னும் இல்ல.

கப்பைக்கெழங்கும், அதாவது மரவள்ளி, நல்லா வேகவச்சு தண்ணிய வடிச்சுக் கொட்டிட்டுத் திங்கலாம், ஆனா அது காய்கறிக் கணக்குல வராது, சோத்துக் கணக்கு. கப்பையும் மீன்கொழம்பும் திங்கிற அன்னைக்குச் சோறு கெடையாது எங்க வீட்டுல. பழத்துக்கு ரொம்ப யோசிக்க வேணாம், கொய்யா, பப்பாளி, நம்ம பன்னீர் திராட்சை சீசன்ல அத நல்லாக் கழுவி ஒரு கை, ஜூஸாப் போடாம முழுசாத் திங்கணும். பால் 300 மில்லி எங்களால முடியல, மோரும் தயிருமா பாதிதான் வருது, கொறையிற சுண்ணாம்புச்சத்துக்குக் கேப்பைக் கூழும் களியும் இருக்கு, 100 கிராம் கேப்பையில 300 மில்லிகிராமுக்கு மேல கால்சியம் இருக்கு. அதுலயும் மாவுச்சத்துதான் கூட, சுகருக்கு நல்லதுன்னு கும்பா கும்பாவாக் குடிச்சுராதீங்க.

மாமியாவோட மூணு மாச சுகர் கணக்கு (HbA1c டெஸ்ட்) 9ல இருந்து 7 பக்கம் எறங்கியிருக்கு, மாத்திரை நிறுத்தல, நிறுத்தவும் மாட்டோம். சாப்பாடு மாத்துனா மாத்திரை வேணாம்னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க.

இந்தப் பயறு, கீரை, பழக் கணக்கெல்லாம் கிட்னி நல்லா இருக்குறவங்களுக்குத்தான். சுகரோ பிரஷரோ ரொம்ப வருசமா இருந்தா கிட்னியும் கெட்டுருக்கலாம், அவங்களுக்குப் புரதமும் பொட்டாசியமும் அளவாத்தான் குடுக்கணும், அது ஆளுக்கு ஆள் மாறும். யூரியா, கிரியாட்டினின் டெஸ்ட் ஒரு தடவ எடுத்துப் பாத்துட்டு, டாக்டர்கிட்ட ரிப்போர்ட்டக் காட்டிக் கேட்டப்பறம் ஆரம்பிங்க.